மறு: ‘டெட் மனி’க்குத் தமிழ் – ‘விட்டகுறை’ சரிவருமா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கக் கால்பந்துச் சொற்பட்டியல் இழைப் பக்கம் ஒரு வாரமாக எட்டிப் பார்க்க முடியவில்லை. அதற்குள் இத்தனை மடல்கள்! பாதி மடல்கள் ‘குவார்ட்டர்’ என்றதும் டாஸ்மாக் ஞாபகம் வருவதைப் பற்றி. சிரித்து முடித்தாயிற்று என்றால் வேலைக்கு வருவோம்.

> குவார்ட்டர்பேக் = கால்முதுகர்?

வேண்டாம் தம்பி. அங்கே ‘பேக்’ என்பது முதுகு இல்லை, முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர். எவ்வளவு பின்னால் என்பதைக் கால், அரை, முழு என்று பிரித்தார்கள். வரிசையை ஒட்டி நின்றவர் குவார்ட்டர்பேக். இன்று அந்தத் தூரக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை. ‘ஆட்ட நடத்துநர்’ என்றால் தோள்பையும் விசிலுமாக ஒருவர் வந்து டிக்கெட் கேட்கிறார். பேராசிரியர் ஐயா சொன்ன ‘ஏவுநர்’ நல்ல சொல். ஏவுதல் கட்டளையிடுவதும்தான், எறிவதும்தான்; அந்த ஆள் களத்தில் செய்வதும் அவை இரண்டையும்தான். பட்டியலில் சேர்த்துவிடுங்கள். ஆனால் நான் எழுதும்போது குவார்ட்டர்பேக் என்றே எழுதுவேன். விக்கெட்டை விக்கெட் என்றே சொல்லித்தான் தமிழில் இத்தனை வருடம் கிரிக்கெட் பேசியிருக்கிறோம்.

‘சாலரி கேப்’புக்கு, அதாவது ஓர் அணி ஓராண்டில் ஆட்டக்காரர்களுக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகைக்கு என்.எஃப்.எல். லீக் வைக்கும் எல்லைக்கு, ‘ஊதிய உச்சவரம்பு’ என்பதில் எனக்கு மறுப்பில்லை. நில உச்சவரம்பு கேட்ட காதுக்கு விளக்கமே வேண்டாம்.

எனக்கு இடிப்பது ‘டெட் மனி’தான்; ஆட்டக்காரர் போன பிறகும் அணியின் உச்சவரம்புக் கணக்கில் நிற்கும் தொகை.

> ‘செத்த பணம்’ என்று நேரடியாகவே வைத்துவிடலாம்.

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ‘செத்த இரு’ என்றால் கொஞ்சம் இரு என்று பொருள். செத்த பணம் என்றால் கொஞ்சூண்டு பணம் என்று எடுத்துக்கொள்வார்கள். எங்கள் டென்வர் அணியின் கணக்கில் அப்படி நின்ற 8.5 கோடி டாலரைக் கொஞ்சூண்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது வேடிக்கைக்கு. உண்மையான சிக்கல், அந்தப் பணம் சாகவில்லை என்பது. கணக்கில்தான் அது பிழைத்துக் கிடக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன். ஒரு குவார்ட்டர்பேக்கிடம் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, கையெழுத்துத் தொகையாக 5 கோடி டாலர் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் உடனே அவர் கைக்குப் போய்விடும். ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அதை ஆண்டுக்கு 1 கோடியாக ஐந்தாண்டுக்குப் பரப்பி எழுத லீக் அனுமதிக்கிறது. இரண்டு ஆண்டு கழித்து, சரிப்பட்டு வரவில்லை என்று அவரை விடுவிக்கிறீர்கள். இன்னும் எழுதாத 3 கோடி மொத்தமாக அந்த ஆண்டுக் கணக்கில் வந்து விழும். ஜூன் 1க்குப் பிறகு விட்டதாகக் காட்டினால் இந்த ஆண்டு 1, அடுத்த ஆண்டு 2 என்று பிரிக்கலாம். ஆள் இல்லை, அவர் இடம் மட்டும் கணக்கில் இருக்கிறது.

> வண்டியை விற்ற பிறகும் கட்டும் தவணை மாதிரி. ‘தவணைப் பாக்கி’ எனலாமே?

கிட்டத்தட்ட, ஆனால் இல்லை. தவணையில் பணம் இனிமேல்தான் போக வேண்டும். இங்கே பெரும்பாலும் பணம் எப்போதோ போய்விட்டது; கணக்கு எழுதுவதுதான் பாக்கி. சில நேரம் விட்ட பிறகும் கொடுத்தே ஆகவேண்டிய உறுதிச் சம்பளமும் இதில் சேரும். நமக்கு வேண்டிய சொல் இரண்டையும் தாங்க வேண்டும்.

டென்வரில் குடியிருக்கும் எனக்கு இதைப் பாடமாக நடத்தியவர் குவார்ட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன். கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், சொந்தக் காயம்.

கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் ஆண்டுத் தேர்வில், 2012இல் சியாட்டில் சீஹாக்ஸ் அணி அவரை மூன்றாம் சுற்றில், 75ஆவது ஆளாக எடுத்தது. ஆட்டக்காரர் சங்கத்தோடு லீக் 2011இல் போட்ட தொழிலாளர் ஒப்பந்தம் புதுமுகங்களின் சம்பளத்தை இறுக்கிக் கட்டியிருந்த நேரம் அது. 2010இல் முதல் ஆளாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதித் தொகை மட்டுமே 5 கோடி டாலர். 2011இல் முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கும் சேர்த்தே 2.2 கோடி. மூன்றாம் சுற்று ஆளுக்கு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே பாருங்கள். 2013 பருவத்தில் உச்சவரம்புக் கணக்கில் வில்சன் பிடித்த இடம் 10 லட்சம் டாலர்கூட இல்லை. மிச்சப் பணத்தை சியாட்டில் தற்காப்பு வரிசையில் கொட்டியது. 2014 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதிப் போட்டியில் 43–8 என்று அடித்து நொறுக்கியது. யாரை? எங்கள் டென்வரைத்தான்.

அதே வில்சனுக்காக 2022 மார்ச்சில் டென்வர் இரண்டு முதல் சுற்றுத் தேர்வு உரிமை, இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமை, மூன்று ஆட்டக்காரர்கள் என்று சியாட்டிலுக்கு அள்ளிக் கொடுத்தது. அவர் ஒரு ஆட்டம் ஆடுமுன்பே 24.5 கோடி டாலருக்கு ஐந்தாண்டு நீட்டிப்பும் போட்டது. முதல் பருவம் 5 வெற்றி, 12 தோல்வி. 2024 மார்ச்சில், அந்த நீட்டிப்பு தொடங்குவதற்கு முன்பே, விட்டுவிட்டார்கள். கணக்கில் நின்றது 8.5 கோடி, 2024இல் சுமார் 5.3, 2025இல் சுமார் 3.2. இதில் முன்பே கொடுத்த கையெழுத்துத் தொகையும் உண்டு, 2024க்கு உறுதியளித்த 3.9 கோடிச் சம்பளமும் உண்டு. பிட்ஸ்பர்க் அணி அவரைக் குறைந்தபட்சச் சம்பளமான 12.1 லட்சத்துக்கு எடுத்துக்கொண்டது. மீதிச் சம்பளம் டென்வர் தலையில்.

இந்த இடத்தில்தான் எனக்கு அந்தச் சொல் வந்தது. விட்டகுறை.

‘விட்டகுறை தொட்டகுறை’ என்று பாட்டிமார் சொல்வார்களே, அதுதான். விட்ட பிறகும் விடாமல் நிற்கும் மிச்சம். நாம் ஆட்டக்காரரை ‘விடுவிக்கிறோம்’ என்றே எழுதுகிறோம், அதனால் வினையும் பொருந்துகிறது. ‘டென்வருக்கு 2025இல் 3.2 கோடி விட்டகுறை’, ‘விட்டகுறையைத் தீர்த்துவிட்டார்கள்’, ‘விட்டகுறை இல்லாத அணி’ என்று எழுதிப் பார்த்தேன். நாக்கில் தடுக்கவில்லை.

இணைச்சொல் ஒன்று சும்மா கிடக்கிறதே என்று பார்த்தேன். அது இன்னொரு வேலைக்கு ஆகும் போலிருக்கிறது. அணியில் இன்னும் இருக்கும் ஆட்டக்காரரின் கணக்கில், கொடுத்தும் எழுதாத தொகையும் உறுதியளித்தும் கொடுக்காத தொகையும் சேர்ந்து இருக்குமல்லவா? அவரைத் தொட்டதால் வந்தது அது. அதைத் தொட்டகுறை என்போம். அவரை விட்ட நிமிடத்தில் தொட்டகுறை விட்டகுறை ஆகிவிடும். ஆங்கிலத்தில் இரண்டையும் டெட் மனி என்றே பேசுகிறார்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புவது அதனால்தான். நமக்கு இரண்டு சொல் ஏற்கெனவே ஜோடியாக இருக்கிறது.

பருவ இடைவேளையில் பொது மேலாளர் உட்கார்ந்து யோசிப்பதும் இதைத்தான். மார்ச்சில் புதுக் கணக்கு தொடங்கும்போது உச்சவரம்புக்குள் இருந்தாக வேண்டும். (2024இல் 25.54 கோடி, 2025இல் 27.92 கோடி. ஏறிக்கொண்டே போவதால் பழைய கடன் சிறுத்துத் தெரியும் என்பது தனி மயக்கம்.) அப்போது ஒவ்வொரு பெயருக்கும் கேள்வி ஒன்றுதான்: வைத்துக்கொண்டால் என்ன செலவு, விட்டால் என்ன குறை?

கிளீவ்லாண்ட் பிரவுன்ஸைப் பாருங்கள். 2022இல் குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனுக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வு உரிமைகளைக் கொடுத்து, 23 கோடி டாலரை முழு உறுதியாகவும் கொடுத்தார்கள். முதல் மூன்று பருவத்தில் அவர் ஆடியது 6, 6, 7 ஆட்டங்கள். ஒவ்வோர் ஆண்டும் இடம் பற்றாமல் சம்பளத்தைக் கையெழுத்துத் தொகையாக மாற்றி அடுத்தடுத்த ஆண்டுகளுக்குத் தள்ளிக்கொண்டே போனார்கள். தள்ளத் தள்ளத் தொட்டகுறை வீங்கியது. விட நினைத்தாலும் விட முடியாத நிலை. ‘அவருக்கு இன்னும் நம்பிக்கை வைத்திருக்கிறார்களா?’ என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்லலாம்: நம்பிக்கை இல்லை ஐயா, தொட்டகுறை.

ஆனால் விட்டகுறை என்றதும் பயப்படுவதும் தப்பு. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் 2021இல் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸை அனுப்பிவைத்தபோது 3.38 கோடி விட்டகுறை, அன்றைக்கு அதுவே சாதனை அளவு. எல்லோரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களிடம் 2020இல் 53ஆவது ஆளாக எடுத்த ஜேலன் ஹர்ட்ஸ் மலிவுச் சம்பளத்தில் இருந்தார். அந்தப் பருவமே பிளேஆஃப் என்ற அடுத்த சுற்றுக்குப் போனார்கள், மறு பருவம் சூப்பர் பவுல் ஆடினார்கள். டென்வரும் அப்படியே. 5.3 கோடிச் சுமையோடு, நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 2 கோடியை எட்டாத புதுமுகம் போ நிக்ஸை வைத்துக்கொண்டு, 2015 பருவத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பிளேஆஃப் பார்த்தோம். விட்டகுறையை மலிவான குவார்ட்டர்பேக் சுமந்துவிடுவார். சுமக்க முடியாதது, நடுத்தரமான ஆளுக்கு உச்சச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டிருப்பதுதான். பாட்ரிக் மஹோம்ஸ் மாதிரி ஒருவர் என்றால் சரி. 2022இல் உச்சவரம்பில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் அவர் ஒருவரே எடுத்துக்கொண்டும் கான்சாஸ் சிட்டி கோப்பையை வாங்கியது. மஹோம்ஸ் கடையில் கிடைப்பதில்லை.

இன்னொரு சொல்லும் பாக்கி. ஒப்பந்தத்தின் வாலில் ‘வாய்ட் இயர்’ என்று சில ஆண்டுகளை ஒட்டுவார்கள். ஆட்டக்காரர் ஆடப்போவதில்லை, கணக்கைப் பரப்புவதற்கு மட்டும். ஹர்ட்ஸ் பிறகு போட்ட 25.5 கோடி ஒப்பந்தத்திலும் இது உண்டு. தெருவில் விளையாடும்போது ஆள் கணக்குக்காக ஒரு பொடியனை ‘ஒப்புக்கு’ச் சேர்ப்போம் இல்லையா? அடுத்து வரும் சொல்லை விட்டுவிடுவோம், இந்தக் காலத்தில் அது வேண்டாம். ‘ஒப்புக்காண்டு’ என்று முன்வைக்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

அன்புடன்,
டென்வரிலிருந்து

* * *

அன்பு நண்பருக்கு,

படித்தேன், மகிழ்ந்தேன். தொட்டகுறை–விட்டகுறை வேறுபாடு பொருளோடு ஒட்டுகிறது. இரண்டு ஐயங்கள். ஒன்று, ‘குறை’ என்றதும் இன்றைய மாணவர் குற்றம், குறைபாடு என்றே எடுத்துக்கொள்வார். ஆட்டக்காரரின் குறை என்று ஆகிவிடும். இரண்டு, அந்தத் தொடர் முற்பிறவி வினை பற்றியது. கணக்கு ஏட்டில் கர்மம் எதற்கு? ‘விடுப்பு மிச்சம்’ என்று தூய்மையாக வைத்தால் என்ன?

* * *

பேராசிரியர் ஐயா, வணக்கம்.

‘விடுப்பு மிச்சம்’ என்று நீங்கள் எழுதியதும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துவிட்டது. ஓய்வு பெறும்போது எத்தனை நாள் ஈட்டிய விடுப்பு மிச்சம் என்று அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். அரசு ஊழியர் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருளே கிடையாது.

குறை என்பதற்கு எஞ்சியது என்ற பொருள் இன்னும் சாகவில்லை. அரைகுறை, ‘குறை வேலையை முடித்துவிட்டு வா’ என்றெல்லாம் நாளும் பேசுகிறோம். சேர்த்து ஒரே சொல்லாக எழுதினால் குழப்பம் பெரிதும் போகும்.

கர்மம் பற்றிய கேள்விக்கு, அதனால்தான் எனக்கு இந்தச் சொல் பிடித்தது என்பதே பதில். முன்னால் இருந்த மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போயிருப்பார். புதிதாக வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் நாளே 3 கோடி எதிரில் நிற்கும். அவர் செய்யாத வினை. பாட்டியைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன சொல்வார்?

* * *

அனைவருக்கும்,

பட்டியல் பொறுப்பில் இருப்பதால் சுருக்கமாக. ‘ஊதிய உச்சவரம்பு’, ‘ஏவுநர்’ (மாற்று: குவார்ட்டர்பேக்) இரண்டும் ஏற்கப்பட்டன. ‘விட்டகுறை’, ‘தொட்டகுறை’ பரிந்துரை நிலையில், ஐயாவின் மறுப்புக் குறிப்போடு. ‘ஒப்புக்காண்டு’ பற்றி வாக்கெடுப்பு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். மூன்று பேர் தனிமடலில் கெஞ்சியிருக்கிறார்கள், ஒருவர் திட்டியிருக்கிறார்.

ஜூன் 1க்குப் பிறகு விட்டதாகக் காட்டி விட்டகுறையை இரண்டு ஆண்டுக்குப் பிரிக்கும் ஏற்பாட்டுக்கு இன்னும் சொல் இல்லை. ‘பிரிகுறை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பிரியாணிக்கடைப் பெயர் மாதிரி இருக்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புங்கள்.