குளிசையில் கோதுமையும் பாலும் கலந்திருக்கின்றனவா என்று எப்படி அறிவது?

கேள்வி (களுவாஞ்சிகுடி)

வணக்கம். எனக்கு வயது 38. தைரொயிட் குறைபாட்டுக்காக ஏழு வருடங்களாகத் தைரொக்சின் எடுத்து வருகிறேன். இவ்வருடம் இரத்தப் பரிசோதனையிலும், பின்னர் சிறுகுடலில் எடுத்த பயொப்சியிலும் எனக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய் இருப்பது உறுதியானது. பாலும் ஒத்துக்கொள்வதில்லை, ஒரு பால்தேநீர் குடித்தாலே வயிறு ஊதிவிடுகிறது. சாப்பாட்டை ஒருவாறு சமாளித்துவிட்டோம். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மா சேர்ப்பதில்லை. கடையில் வாங்கும் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மா இருப்பதை அறிந்து அதையும் விட்டாயிற்று.

குளிசைகளில்தான் தடுமாறுகிறேன். கிளினிக்கில் தைரொக்சின், இரும்புச்சத்து, போலிக் அமிலம், கல்சியம் எல்லாவற்றையும் எண்ணிச் சிறிய கடதாசி உறைகளில் போட்டு, மேலே "காலை 1" என்று எழுதித் தருகிறார்கள். எந்தக் கம்பனியின் தயாரிப்பு என்பது அதில் இருக்காது. வெளியே ஒரு மருந்தகத்தில் விசாரித்தபோது, மருந்துக்குள் கோதுமை எதற்கு வரப்போகிறது என்று சிரித்தார்கள். பயத்தில் மூன்று நாட்களாக இரும்புச்சத்துக் குளிசையை நிறுத்தி வைத்திருக்கிறேன். குளூட்டனும், பாலில் உள்ள சர்க்கரையாகிய லக்டோசும் இல்லாத மருந்துகளை இங்கிருந்து எப்படித் தேடிக்கொள்வது?

பதில் (கல்முனை, மருந்தாளர்)

சகோதரி, முதலில் வைத்தியரிடம் சொல்லாமல் எந்தக் குளிசையையும் நிறுத்தாதீர்கள். உங்கள் சந்தேகம் சிரிப்புக்குரியதல்ல. ஆனால் நீங்கள் அஞ்சும் அளவுக்கு ஆபத்தும் பெரும்பாலும் இருப்பதில்லை.

ஒரு தைரொக்சின் குளிசையில் மருந்து 50 அல்லது 100 மைக்ரோகிராம்தான்; அதைத் தனியாகக் கையில் எடுக்கவே முடியாது. எஞ்சியவை எல்லாம் அதற்கு உருவம் கொடுக்கவும், வயிற்றில் கரையச் செய்யவும் சேர்க்கப்படும் துணைப்பொருட்கள். லக்டோசும் மாச்சத்தாகிய ஸ்டார்ச்சும் அவற்றுள் மிகப் பழையவை. ஸ்டார்ச் பெரும்பாலும் சோளத்திலிருந்தோ உருளைக்கிழங்கிலிருந்தோ எடுக்கப்படுகிறது. கோதுமையிலிருந்து எடுப்பது அரிது. அப்படியே கோதுமை ஸ்டார்ச் சேர்ந்தாலும் ஒரு குளிசையில் இருக்கக்கூடிய குளூட்டன் அரை மில்லிகிராமுக்கு மேற்படாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017இல் வெளியிட்ட வரைவு வழிகாட்டலில் கணித்திருந்தது. குளூட்டன் அற்றது என விற்கப்படும் உணவில்கூட ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. அந்த எல்லையில் உள்ள ஒரு துண்டுப் பாணைச் சாப்பிட்டாலும் ஏறத்தாழ அதே அளவுதான் உள்ளே போகும்.

இருந்தாலும் நாளுக்கு ஐந்தாறு குளிசைகளை ஆயுள் முழுவதும் எடுப்பவர் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நியாயமே. சிக்கல் என்னவென்றால், மருந்தின் பெயர் இதற்குப் பதில் சொல்லாது. தயாரித்த கம்பனிதான் சொல்லும். அரச வைத்தியசாலைகளுக்கு வரும் குளிசை கொள்முதலுக்குக் கொள்முதல் மாறக்கூடும். ஆகவே கூட்டம் குறைந்த வேளையில் மருந்து கொடுக்கும் இடத்துக்குச் சென்று, உங்கள் குளிசை வந்த பெரிய போத்தலின் லேபலைக் காட்டுமாறு கேளுங்கள். கம்பனியின் பெயர், வலிமை, தொகுதி இலக்கம் மூன்றையும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியக் குளிசை மட்டைகளில் துணைப்பொருட்களின் பெயர்கள் பெரும்பாலும் இருப்பதில்லை. "எக்சிபியன்ட்ஸ் கியூ.எஸ்." என்று மட்டும் அச்சிட்டிருக்கும், தேவையான அளவு சேர்க்கப்பட்டது என்பதே அதன் பொருள். அதை வைத்து நாங்களும் எதுவும் சொல்ல முடியாது. பெட்டிக்குள் இருக்கும் துண்டுப்பிரசுரத்தைப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் இறக்குமதியாளருக்கு எழுதி, ஸ்டார்ச் எதிலிருந்து எடுக்கப்பட்டது, லக்டோஸ் எத்தனை மில்லிகிராம் என்று கேளுங்கள். "குளூட்டன் உண்டா?" என்று மட்டும் கேட்டால், "நாங்கள் சேர்ப்பதில்லை" என்ற ஒற்றை வரியோடு முடித்துவிடுவார்கள். இணையத்தில் அமெரிக்காவின் டெய்லிமெட் தளத்தில் துணைப்பொருட்கள் விபரமாக உண்டு. ஆனால் அது அந்நாட்டுச் சந்தைக்கான தயாரிப்பு. அதே கம்பனி இங்கே அனுப்புவது வேறாக இருக்கலாம்.

பதில் (அக்கரைப்பற்று)

எங்கள் உம்மாவுக்கும் இப்படித்தான் நடந்தது. நீரிழிவுக் குளிசை தொடங்கியதிலிருந்து வயிற்றோட்டம் நிற்கவில்லை. குளிசையில் பால்மா சேர்க்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, இரண்டு மாதம் கம்பனி மாற்றி மாற்றி வாங்கினோம். கடைசியில் வைத்தியர் சொன்னார், மெற்போமினே அப்படிச் செய்யக்கூடியதாம். மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிச் சாப்பாட்டோடு கொடுத்தோம், சரியாகிவிட்டது. துணைப்பொருளைச் சந்தேகிக்கும் முன்னர் மருந்தைச் சந்தேகியுங்கள் என்றே நான் சொல்வேன். இரும்புச்சத்தும் வயிற்றைக் குழப்பக்கூடியதுதானே.

பதில் (மட்டக்களப்பு, ஓய்வுபெற்ற தாதி)

லக்டோசைப் பற்றி ஒரு கணக்கு. பால் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் பெரும்பாலானோர் ஒரே தடவையில் 12 கிராம் வரை, அதாவது ஒரு கிளாஸ் பாலில் உள்ள அளவைத் தாங்குவார்கள். நீங்கள் அதைவிடக் குறைவாகத் தாங்குபவராகத் தெரிகிறது. ஆனாலும் குளிசை ஒன்றில் 100 மில்லிகிராம் லக்டோஸ் இருந்தால், அந்த 12 கிராமுக்கு 120 குளிசைகள் விழுங்க வேண்டும். பால் புரதத்துக்கு ஒவ்வாமை உள்ளவர்களின் நிலை இதிலிருந்து வேறானது. அதைத் தனியாக வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். லக்டோசைச் செரிக்கும் நொதியம் சிறுகுடல் விரலிகளின், அதாவது குடலின் உட்சுவரில் விரல்போல் நீண்டிருக்கும் நுண்ணிய முனைப்புகளின் நுனியில் உருவாகிறது. சீலியாக் நோயில் சிதைவது அந்த விரலிகள்தான். கோதுமையை விட்டுச் சில மாதங்களில் குடல் தேறும்போது, பலருக்குப் பாலும் திரும்ப ஒத்துக்கொள்ளத் தொடங்கும். நம்மூர் எருமைத் தயிரை வாழ்நாள் முழுவதும் மறக்க வேண்டியிராது. ஆனால் குடல் தேறினால் தைரொக்சினும் முன்னைவிட நன்றாக உறிஞ்சப்படும். பழைய அளவு கூடிப்போகலாம். கம்பனி மாறினாலும் அப்படித்தான். ஆறு முதல் எட்டு வாரங்களில், தைரொக்சின் அளவு சரியா என்று காட்டும் ரீ.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். இரும்புச்சத்தையும் கல்சியத்தையும் தைரொக்சினுக்கு நான்கு மணித்தியாலம் தள்ளியே போட வேண்டும். காலையில் நான்கையும் சேர்த்து விழுங்குபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி கேட்டவர் (களுவாஞ்சிகுடி)

அனைவருக்கும் நன்றி. நானும் அவ்வாறு சேர்த்து விழுங்கியவள்தான். நேற்று போத்தல்களைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன். தைரொக்சினில் லக்டோசும் சோள ஸ்டார்ச்சும் இருக்கின்றன. அதையே தொடருமாறு வைத்தியர் சொன்னார், ஆறு வாரத்தில் இரத்தம் கொடுக்க வேண்டும். இரும்புச்சத்துக் குளிசையை அவரிடம் சொல்லிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பின் மீண்டும் தொடங்கிவிட்டேன். கல்சியத்தின் லேபலில் வெறும் "ஸ்டார்ச்" என்று மட்டும் இருக்கிறது. இறக்குமதியாளருக்கு எழுதியிருக்கிறேன், பதில் வந்ததும் தெரிவிக்கிறேன்.