ஒரே ஃபைபரில் பல அலைநீளங்கள்: களத்தில் கண்டவை

ஒளிவழி:
சென்னையில் இரண்டு டெலிகாம் அறைகளுக்கு இடையே, குத்தகைக்கு எடுத்த பழைய ஃபைபரில் சிடபிள்யூடிஎம் (பல அலைநீளங்களை அகன்ற இடைவெளியில் ஒன்றாக அனுப்பும் முறை) இணைப்பு அமைத்தோம். அலைநீளங்களை ஒன்றுசேர்க்கும் மக்ஸைப் பொருத்தி, ஒளியை அனுப்பிப் பெறும் எஸ்எஃப்பிகளைச் செருகியதும் மற்றச் சேனல்கள் எல்லாம் வந்துவிட்டன. 1391 நானோமீட்டர் சேனல் மட்டும் வரவில்லை. எஸ்எஃப்பியை மாற்றினோம், கனெக்டரைத் துடைத்தோம், பலனில்லை. மறுமுனையில், அலைநீளவாரியாக ஒளியின் அளவைக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரை மாட்டியபோது, 20 நானோமீட்டர் இடைவெளியில் வரிசையாக எழுந்த முகடுகளுக்கு நடுவே 1391 தரையோடு தரையாகக் கிடந்தது. பக்கத்திலிருந்த 1371-உம் தாழ்ந்தே நின்றது. அனுப்பும் முனையிலோ எல்லா முகடுகளும் சம உயரம். அந்தத் திரை இன்னும் கண்ணைவிட்டு அகலவில்லை. குற்றம் பழைய ஃபைபரில்தான் என்று நினைக்கிறேன்.

இணைப்பாளர்:
ஃபைபர் மீது பழி போடுவதற்கு முன் வளைவைத் தேடியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. எங்கள் நிலையத்தில் பேட்ச் கார்ட் (கருவிகளை இணைக்கும் குட்டை ஃபைபர் கேபிள்) ஒன்று ரேக் கதவில் சிக்கி மடிந்திருந்தது. 1310-இல் அளந்தபோது குறையே தெரியவில்லை; 1550-இல் சிக்னல் அடியோடு விழுந்திருந்தது. கதவைத் திறந்த மறுகணமே பவர் மீட்டரில் எண் ஏறியதை நேரில் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

அலைவரிசை:
இணைப்பாளர் கூறும் நிகழ்வே அவருடைய வாதத்துக்கு எதிரான சாட்சி. வளைவு நீண்ட அலைநீளத்தைத்தான் அதிகம் கசியவிடும்; அதுதான் காரணம் என்றால் 1611 அல்லவா முதலில் விழுந்திருக்க வேண்டும்? பழைய ஃபைபரின் கண்ணாடிக்குள் தங்கிவிட்ட, நீரின் எச்சமான ஹைட்ராக்சில், 1383 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது.

எனக்கு மறக்காதது, டிடபிள்யூடிஎம் (சேனல்களை மிக நெருக்கமாக அடுக்கும் முறை) டீமக்ஸின், அதாவது அலைநீளங்களைப் பிரிக்கும் கருவியின், ஹீட்டர் பழுதான இரவு. லேசர்கள் தத்தம் இடத்திலேயே நிற்க, எல்லாச் சேனல்களும் ஒன்றுசேர இறங்கின. 100 கிகாஹெர்ட்ஸ் இடைவெளி என்பது 0.8 நானோமீட்டர்தான், அலைநீளங்களைப் பிரிக்கும் சில்லு ஒரு பாகை குளிர்ந்தால் ஏறத்தாழ 0.01 நானோமீட்டர் நகர்ந்துவிடும்; ஹீட்டர் நின்று பல பாகைகள் குளிர்ந்தால் அந்த நகர்வு கூடிக்கொண்டே போகும்.

ஒளிவழி கேட்கவில்லை என்றாலும் ஒன்று சொல்கிறேன். குத்தகை ஒப்பந்தத்தில் ஃபைபர் ஜி.652.டி (இந்த ஹைட்ராக்சில் உறிஞ்சல் குறைக்கப்பட்டது) வகையா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இல்லையெனில் 1371, 1391 இரண்டையும் விட்டுவிட்டு 1471 முதல் 1611 வரையிலான எட்டுச் சேனல்களோடு திட்டமிடுங்கள். அவற்றிலும் 1531, 1551 ஆகிய சேனல்களைக் காலியாக வைத்திருந்தால், பின்னாளில் அவற்றுக்குள்ளேயே டிடபிள்யூடிஎம் சேனல்களைச் செலுத்தலாம். தொலைவு கூடும்போது எர்பியம் ஆம்ப்ளிஃபயர் போட்டுச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். வழக்கமான ஆம்ப்ளிஃபயர் பெருக்குவது 1530 முதல் 1565 வரையிலான ஒளியைத்தான், சிடபிள்யூடிஎம்மின் மற்றச் சேனல்களுக்கு அது உதவாது.