லாஸ் ஃபால்ஸ்: ‘லா’ எந்த ஊர்க் குடும்பப் பெயர்?

குன்னூர்வாசி: மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் லாஸ் ஃபால்ஸ், மலைப்பாதை (காட் ரோடு) வேலையைப் பார்த்த லா (Law) என்ற ராணுவ அதிகாரியின் பெயரில் இருக்கிறது. இந்த ‘லா’ சட்டத்தைக் குறிக்கிறதா? இங்கிலாந்துப் பெயரா, ஸ்காட்லாந்துப் பெயரா? பழைய பதிவேடுகளில் எப்படித் தேடுவது?

பெட்டட்டி: சட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லைங்க. வேர் இரண்டு, இரண்டு நாட்டிலும் உண்டு. ஒன்று, லாரன்ஸின் செல்லச் சுருக்கம். லாசன் என்றால் லாவின் மகன். இன்னொன்று ‘ஹ்லாவ்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்: குன்று, புதைமேடு. குன்றடியில் குடியிருந்தவருக்கு அதுவே பெயராகிவிட்டது. ஸ்காட்லாந்தில் தனித்து நிற்கும் குன்றை இன்றும் ‘லா’ என்றுதான் சொல்கிறார்கள்: டண்டீ லா, நார்த் பெரிக் லா. நம் படுகர் பேச்சில் மலையை ‘பெட்டா’ என்பது போல. இங்கே ‘தொட்டபெட்டா மலை’ என்பதைப் போலவே அங்கேயும் ‘லா ஹில்’ என்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் பல இடங்களில் அது ‘லோ’ ஆகி லட்லோ, ஹவுன்ஸ்லோ என்று ஊர்ப்பெயரின் வாலில் நிற்கிறது.

பழைய ஆவணத்தில் ‘டி லா லாவ்’ (‘குன்றைச் சேர்ந்த’) என்று இருந்தால் அது குன்று வழி. அப்படி எதுவும் இல்லையென்றால் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

ரெக்கார்டு ரூம்: கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி என்றால் முதலில் பிரிட்டிஷ் லைப்ரரியில் எல்/மில்/9 வரிசையில் கேடட் (பயிற்சி அதிகாரி) விண்ணப்பங்களைப் பாருங்கள். ஞானஸ்நானச் சான்றை அதோடு இணைத்திருப்பார்கள். பெற்றோர் பெயரும் பாரிஷும் (சர்ச் வட்டாரம்) அதிலேயே கிடைத்துவிடும். சென்னை மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் என்/2 வரிசையில். சிவில் பதிவு, அதாவது அரசின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு, இங்கிலாந்தில் 1837-லும் ஸ்காட்லாந்தில் 1855-லும் தொடங்கியது. அதற்கு முன்னால் பாரிஷ் பதிவேடுதான். ஸ்காட்லாந்துப் பதிவு என்றால் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் போட்டுத் தேடுங்கள், ஆள் குழப்பம் பாதி தீரும்.

இன்னொன்று: இந்தப் பெயர் நம் நாட்டுக்குப் பழசு. 1752-ல் ஸ்ரீரங்கத்தில் சரணடைந்த பிரெஞ்சுத் தளபதியும் ஒரு லாதான். எடின்பரோவில் பிறந்த நிதி வல்லுநர் ஜான் லாவின் குடும்பம் அது.

குன்னூர்வாசி: நன்றிங்க. அட்டவணையில் ‘லோ’ என்று வந்தால் விட்டுவிடலாமா?

ரெக்கார்டு ரூம்: விடாதீர்கள். கையெழுத்தில் ஆங்கில ‘ஏ’யின் (a) தலை திறந்திருந்தால் ‘யூ’ ஆகிவிடும், வால் தேய்ந்தால் ‘ஓ’ ஆகிவிடும். லா, லாஸ், லோ மூன்றையும் தேடி, மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து, அதே எழுத்தர் வேறு சொல்லில் ‘ஏ’ எப்படிப் போட்டிருக்கிறார் என்று ஒப்பிடுங்கள்.