கர்நாடக வாய்ப்பாட்டிலிருந்து ஓபராவுக்கு: 17 வயதில் எங்கே தொடங்குவது, ஆசிரியரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

சிப்புட் மாமா (கேள்வி)

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அக்காள் மகளுக்கு வயது 17, இந்த ஆண்டு எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறாள். ஏழு ஆண்டாகக் கர்நாடக வாய்ப்பாட்டு, 5 கட்டை சுருதி, வர்ணமும் சில கீர்த்தனைகளும் ஆகியிருக்கின்றன. வெள்ளிக்கிழமை கோவிலில் தேவாரம். இப்போது ஓபரா (மேற்கத்திய இசை நாடகம்) பாடக் கற்க வேண்டும், பிற்காலத்தில் குரல் ஆசிரியராக வேண்டும் என்கிறாள்.

எங்கள் பட்டணத்தில் பியானோ, கிட்டார் வகுப்பு இருக்கிறது. மேற்கத்திய வாய்ப்பாட்டுக்கு 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவுக்குத்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் இணைய வகுப்பு. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இத்தனை ஆண்டு கர்நாடகப் பயிற்சி உதவுமா, தடையா? தேர்வு, பட்டப்படிப்பு எந்த வரிசையில்? நல்ல ஆசிரியர் என்று முதல் வகுப்பிலேயே எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

---

மேல் ஸ்தாயி

அண்ணே, உதவுமா தடையா என்றால் காதுக்கும் தாளத்துக்கும் பெரிய உதவி, குரலின் மேல்பாதிக்கு ஒரு தடை. அந்தத் தடை எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

5 கட்டை என்றால் மத்திய ஷட்ஜம் பியானோவில் ஜி3 (எழுத்து ஸ்வரம், எண் ஸ்தாயி). மந்திர பஞ்சமம் டி3, தார பஞ்சமம் டி5. கச்சேரி முழுவதும் இந்த இரண்டு ஸ்தாயிக்குள் முடிந்துவிடும். சோப்ரானோவுக்கு, அதாவது பெண்களின் மிக உயர்ந்த குரல் வகைக்கு, எழுதப்பட்ட பாடல்களோ சி4க்கு மேலே தொடங்கி சி6 வரை போகின்றன. அதாவது தார பஞ்சமத்துக்கு மேலே இன்னும் ஓர் ஸ்தாயிக்குச் சற்றுக் குறைவான தூரம், பிள்ளை ஒருநாளும் பாடாத இடம்.

பெண் குரலில் நெஞ்சுக்குரல் (பேச்சில் வரும் கனமான குரல்) மாறும் முதல் சந்தி ஏறக்குறைய இ4, எஃப்4 பக்கம் வரும். 5 கட்டைக்காரருக்கு அது மத்திய ஸ்தாயியின் சதுஸ்ருதி தைவதமும் கைசிகி நிஷாதமும். இத்தாலிய ஆசிரியர்கள் இதைப் பஸ்ஸாஜ்ஜோ என்பார்கள். கர்நாடகப் பாடகிகள் பலர் இந்தச் சந்தியில் மாறாமல் நெஞ்சுக்குரலையே தார ஷட்ஜம், தார காந்தாரம் வரை இழுத்துக்கொண்டு போவார்கள். மைக்கும் தம்பூராவும் உள்ள மேடையில் அந்தக் கனம் அழகுதான். ஓபராவில் இரண்டாவது சந்தி எஃப் ஷார்ப்5 பக்கம் காத்திருக்கிறது. கனமான குரலை அதுவரை தூக்கிச் சென்றால் தொண்டை இறுகும், தாடை நடுங்கும், சுருதி கீழே இறங்கும்.

அதனால் முதல் ஆறு மாதம் வேலை மேலிருந்து கீழே நடக்க வேண்டும். "ஊ" என்ற உயிரில், மெல்லிய குரலில், ப ம க ரி ஸ என்று இறங்கும் ஐந்து ஸ்வரம். ப என்பதை சி5இல் வைத்துத் தொடங்குங்கள், ஸ எஃப்4இல் வந்து முடியும். ஒவ்வொரு தடவையும் அரை ஸ்வரம் ஏற்றுங்கள். கீழே வரும்போது குரல் திடீரென்று கனத்தால் அங்கே நிறுத்தி, அதே சுருதியில் இன்னும் மெதுவாகத் திரும்பப் பாட வேண்டும். இந்தக் கட்டத்தில் ஏறும் ஆரோகணம் வேண்டாம், ஏறும்போது பழைய கனம் கூடவே ஏறிவிடும். ஒரு நாளைக்கு 15 நிமிடம் இரண்டு வேளை, ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் பாடுவதைவிடப் பலன் தரும். "ஊ" ஒழுங்கானபின் "ஓ", அப்புறம்தான் "ஆ". அகார சாதகம் செய்து பழகியவருக்கு "ஆ"வில் தொடங்கத்தான் கை போகும். அந்த உயிரில்தான் பழைய பழக்கம் முழுவதும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் அதைக் கடைசியில் வையுங்கள்.

மூச்சு: விலா விரிந்த நிலை பாட்டு முடியும்வரை மெதுவாகத்தான் சுருங்க வேண்டும். "ஸ்ஸ்" என்று 20 விநாடி சீராக விட்டுப் பழகி, வாரந்தோறும் சில விநாடி கூட்டலாம். தோள் ஏறினால் தப்பு. வயிற்றை உள்ளே இறுக்கி அழுத்துவதும் தப்பு, அது குரல்நாண்களின் கீழ் காற்றழுத்தத்தைக் கூட்டிவிடும்.

கமகம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்வரத்தைக் கீழிருந்து வருடித் தொடும் பழக்கம் நம்மிடம் இயல்பு. மொஸார்ட் பாடும்போது ஸ்வரத்தின் நடுவில் நேராக இறங்க வேண்டும். கமகத்தை மறக்கச் சொல்லாதீர்கள், வகுப்பைப் பிரித்து வைத்தால் போதும்: காலையில் ஒன்று, மாலையில் மற்றது. இரண்டுக்கும் ஒரே நாக்கு, ஒரே தொண்டை என்பதால் அடுத்தடுத்துப் பாடினால் ஒன்று மற்றதற்குள் கசியும்.

---

ஈப்போ பியானோ

தேர்வு பற்றி நான் சொல்கிறேன். நம் நாட்டில் பெரும்பாலானவர்கள் எடுப்பது ஏ.பி.ஆர்.எஸ்.எம்., அடுத்தது டிரினிட்டி, இரண்டும் பிரிட்டனின் இசைத் தேர்வு வாரியங்கள். ஏ.பி.ஆர்.எஸ்.எம். செயல்முறைத் தேர்வு 150 மதிப்பெண்: தேர்ச்சிக்கு 100, மெரிட்டுக்கு 120, டிஸ்டிங்ஷனுக்கு 130. வாய்ப்பாட்டில் ஸ்கேல் கேட்க மாட்டார்கள். அதற்குப் பதிலாகத் துணைக்கருவி இல்லாமல் ஒரு நாட்டுப்புறப் பாடல், அதற்கு 21 மதிப்பெண். வாத்தியம் இல்லாமல் சுருதி காக்கத் தெரிந்த கோவில் பிள்ளைகளுக்கு இது கைவந்த பகுதி. சிக்குவது சைட் சிங்கிங்கில். காதால் கேட்டே பாடிப் பழகியவர்கள் ஐந்து கோட்டில் எழுதியதைப் பார்த்த மாத்திரத்தில் பாடத் தடுமாறுவார்கள். இந்த வாரமே தொடங்கலாம்: ஸ்வர ஞானம் இருப்பதால், சி மேஜர் கோட்டுப் புள்ளிகளை ஸ ரி க ம என்று சொல்லிப் படித்து, பிறகு அதையே டோ ரே மி என்று மாற்றினால் போதும். சங்கராபரணத்தின் ஸ்வர வரிசைதான் மேஜர் ஸ்கேல்.

6ஆம் கிரேடு முதல் செயல்முறைத் தேர்வு எழுத 5ஆம் கிரேடு தியரி தேர்ச்சி வேண்டும் (அதற்கு ஈடாக வேறு வழிகளும் வைத்திருக்கிறார்கள், தியரிதான் எளிது). தியரி 75 மதிப்பெண், தேர்ச்சி 50. டிரினிட்டியில் இந்த நிபந்தனை கிடையாது. எஸ்.பி.எம். ஆண்டில் தியரி மட்டும் முடித்து வையுங்கள். குரல் தேர்வு அடுத்த ஆண்டுக்கு.

நேரில் எழுதும் தேர்வுக்குப் பியானோ வாசிக்க உயிருள்ள ஆள் வேண்டும், பதிவு செய்த இசை ஆகாது. தேர்வுக்கு முன் அவரோடு குறைந்தது மூன்று ஒத்திகை கேளுங்கள். கடைசி வாரம் போய்ப் பார்த்தால், பாடகி மூச்சு எடுக்கும் இடம் அவருக்குத் தெரியாது. பாடல் அங்கேதான் தடுக்கும்.

பட்டப்படிப்பு: தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம் இசைக் கல்விக்கு. அரசுப் பள்ளி ஆசிரியராக நினைத்தால் அது நேர் வழி, ஈப்போவிலிருந்து ரயிலிலேயே போகலாம். எஸ்.பி.எம். முடிந்ததும் நேரே பட்டப்படிப்பு இல்லை, எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு), மெட்ரிகுலேஷன், டிப்ளோமா இவற்றில் ஒன்றைக் கடக்க வேண்டும். தனியார் என்றால் கோலாலம்பூரில் யூ.சி.எஸ்.ஐ. பல்கலைக்கழகம். பக்கத்து நாட்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் யோங் சியூ தோ இசைக் கல்லூரி. குரல் பிரிவு உண்டு, சேர்க்கையில் தகுதிகாண் பாட்டுக்குப் பெரிய இடம்.

என் கருத்து, கடைசிக் கிரேடான 8ஆம் கிரேடு முடிக்காமல் எங்கும் விண்ணப்பிக்க வேண்டாம்.

---

மேல் ஸ்தாயி

ஈப்போ பியானோ சொன்ன கடைசி வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. இசைக் கல்லூரித் தகுதிகாணில் கேட்பது குரலின் தன்மையும் வளர்ச்சிக்கான இடமும். மூன்று நான்கு பாடல், இரண்டு மொழி, சுத்தமாக இருந்தால் போதும். 8ஆம் கிரேடை எட்ட அவசரப்பட்டு, சந்தி இன்னும் சீராகாத குரலுக்குப் பெரிய பாடல் கொடுப்பதுதான் 17, 18 வயதில் அதிகம் நடக்கும் கெடுதல். சோப்ரானோ குரல் முதிர்வதே இருபதுகளின் நடுவில். கனமான குரல்களும் ஆண்களின் கீழ்க்குரல்களும் முப்பதைத் தொட்டபின்தான். ஓட வேண்டியதில்லை.

---

சிப்புட் மாமா

இருவருக்கும் நன்றி. ஆசிரியர் விஷயத்தில் இன்னும் ஒரு சந்தேகம். ஈப்போவில் கேட்டபோது ஒருவர் மேடையில் நிறையப் பாடியவர், இன்னொருவர் அதிகம் பாடியதில்லை ஆனால் 20 ஆண்டு சொல்லிக்கொடுத்தவர் என்றார்கள். யாரிடம் அனுப்புவது?

---

குரல்வளை

ஐயா, இந்தக் கேள்விக்கு ஓபராவின் வரலாறே பதில் வைத்திருக்கிறது. மனுவேல் கார்சியா (1805–1906) பாரிட்டோனாக, அதாவது நடுத்தர ஆண் குரல் பாடகராக, மேடை ஏறி நிலைக்கவில்லை, இளவயதிலேயே விலகினார். பாரிஸிலும் பிறகு லண்டனிலும் சொல்லிக்கொடுத்தார். பல் வைத்தியர் பயன்படுத்தும் சிறு கண்ணாடியையும் சூரிய ஒளியையும் வைத்துத் தன் குரல்நாண்கள் அசைவதை 1854இல் தானே பார்த்தவர் அவர். குரல் கெட்டு 1841இல் தன்னிடம் வந்த சுவீடன் பாடகி ஜென்னி லிண்டுக்கு அவர் முதலில் கொடுத்த பாடம் வாய் திறக்காமல் ஓய்வெடுப்பது. மறுபுறம் எல்விரா டி இடால்கோ: ஐரோப்பா அமெரிக்கா மேடைகளில் பாடிய சோப்ரானோ, ஏதென்ஸில் ஆசிரியராகிப் புகழ்பெற்ற ஓபரா பாடகி மரியா காலாஸை உருவாக்கினார். இரண்டு வழியிலும் நல்ல ஆசிரியர் வரலாம். மேடைப் பட்டியலை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் வகுப்பில் இவற்றைக் கவனியுங்கள்.

முதல் நாளே "நீ கொலராத்துரா சோப்ரானோ" (வேகமான அலங்கார ஸ்வரங்கள் பாடும் சோப்ரானோ) என்று முத்திரை குத்தினால் தயங்குங்கள். 17 வயதுக் குரலுக்கு வகை சொல்வது முன்கூட்டிய வேலை. ஒவ்வொரு வரியையும் தானே பாடிக்காட்டித் திரும்பப் பாடச் சொல்பவரிடமும் எச்சரிக்கை வேண்டும். பிள்ளை நுட்பத்தைக் கற்க மாட்டாள், முதிர்ந்த ஒருவரின் நிறத்தைப் போலி செய்வாள், அதற்கு நாக்கைப் பின்னால் இழுப்பாள். மேடைப் பாடகர்களிடம் இந்தக் குறை அதிகம், ஏனென்றால் அவர்களுக்கு உடம்பில் தானாக வருவதைச் சொல்லில் எடுக்கத் தனிப் பயிற்சி தேவை. நல்ல ஆசிரியர் கேள்வி கேட்பார்: எங்கே இறுகியது, மூச்சு எங்கே தீர்ந்தது? பாட்டைப் பதிவு செய்ய அனுமதிப்பார். பாடக்கூடாத பாடல்களின் பட்டியல் அவரிடம் இருக்கும். இந்த வயதில் புச்சினி, வெர்டி என்ற இத்தாலிய இசையமைப்பாளர்களின் நாயகிகள் வேண்டவே வேண்டாம். பழைய இத்தாலியப் பாடல்கள், பர்செல், மொஸார்ட்டில் பார்பரீனா போன்ற சிறு வேடங்கள் போதும்.

ஓபரா ஏன் இத்தனை நுட்பம் கேட்கிறது என்பதையும் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும். வாத்தியக் குழுவின் ஓசைச் சக்தி ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸ் பக்கம் குவிகிறது. பயிற்சி பெற்ற குரல், குறிப்பாக ஆண் குரலும் கீழ்ப் பெண் குரலும், 3000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மேட்டை உண்டாக்கும். மைக் இல்லாமல் அது குழுவைத் தாண்டி வருவது அதனால்தான், கத்துவதால் அல்ல. சோப்ரானோ மேலே போகும்போது வேறு கணக்கு: ஏ5 என்றால் 880 ஹெர்ட்ஸ், "ஈ"யின் முதல் ஒத்ததிர்வோ அதற்கு வெகு கீழே. தாடையைத் திறந்து உயிரை "ஆ" பக்கம் சாய்க்காவிட்டால் ஒலி ஒல்லியாகும். உச்சத்தில் சொல் புரியாதது பாடகியின் சோம்பல் இல்லை.

பிழைப்பு பற்றி. ஜெர்மன் ஓபரா அரங்குகளில் ஆண்டு ஒப்பந்தத்தில் மாதச் சம்பளம் வாங்கும் பாடகர்கள் உண்டு. மற்ற இடங்களில் பெரும்பாலும் காட்சிக்கு இவ்வளவு என்ற ஊதியம். சளி பிடித்துப் பாடாவிட்டால் அந்தக் காட்சியின் பணம் இல்லை. அதனால்தான் பாடுபவர்கள் இளவயதிலேயே சொல்லிக்கொடுக்கத் தொடங்குகிறார்கள். மேடை முடிந்தபின் எடுக்கும் வேலை என்று பிள்ளை நினைக்க வேண்டாம். இரண்டாம் ஆண்டிலேயே ஒரு தொடக்க மாணவரை ஆசிரியரின் மேற்பார்வையில் கற்பிக்கக் கேளுங்கள்.

சொல்லிக்கொடுக்கும் தொண்டை பாடும் தொண்டையைவிடச் சீக்கிரம் களைக்கும், பேச்சும் பாடிக்காட்டலும் சேர்வதால். நான்கு மாணவருக்குப் பிறகு அரை மணி மௌனம். பியானோ சத்தத்துக்கு மேல் பேசக்கூடாது, கையை எடுத்துவிட்டுப் பேச வேண்டும். புகைமூட்டக் காலத்தில் வெளியே உரக்கப் பாட வேண்டாம். குரல் கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள், கற்கண்டும் மிளகும் அதற்கு மேல் வேண்டாம்.

---

லயத்து நெட்

இணைய வகுப்பு பற்றி யாரும் தொடவில்லை. ஸூம் இரைச்சல் நீக்கும்போது நீட்டிப் பிடித்த "ஆ"வை மின்விசிறிச் சத்தம் என்று எண்ணி வெட்டும். அமைப்பில் ஒரிஜினல் சவுண்டை இயக்குங்கள். கைப்பேசி மைக் உச்ச ஸ்வரத்தைத் தானாக அடக்கிவிடும், ஆசிரியருக்கு எல்லாம் ஒரே அளவாகக் கேட்கும். யு.எஸ்.பி. மைக்கை ஒன்றரை மீட்டர் தள்ளி, சற்றுப் பக்கமாகத் திருப்பி, ஒலியளவைக் குறைத்து வையுங்கள். வைஃபை வேண்டாம், கம்பி போடுங்கள். இரு பக்கமும் சேர்ந்து வாசிக்கவோ பாடவோ முடியாது, தாமதம் விடாது. ஆசிரியர் பியானோவைப் பதிந்து முன்பே அனுப்ப, பிள்ளை ஒரு காதில் மாட்டிக்கொண்டு பாட வேண்டும். தகரக் கூரையில் மழை விழும் மாலை நேரத்தை வகுப்புக்கு வைக்காதீர்கள். குரல் அறையை நிறைக்கிறதா என்பது எந்த மைக்கிலும் தெரியாது, மாதம் ஒரு தடவையாவது ஈப்போவுக்கு நேரில் போகட்டும்.

---

மேல் ஸ்தாயி

மொழி ஒன்று விட்டுப்போயிற்று. இத்தாலியத்தில் இரட்டை மெய் நமக்கு இனாம். "பட்டு", "அம்மா" சொல்லும் வாய்க்கு "பெல்லா" சொல்ல எவரும் கற்றுத்தர வேண்டாம். ஆனால் மூன்று இடத்தில் தமிழ் காலை வாரும். ஆங்கிலப் பழக்கத்தில் "டி" எழுத்தை ட என்று உச்சரிப்பது தப்பு, இத்தாலியத்தில் அது பல்லைத் தொடும் த. இரண்டாவது, இரண்டு உயிருக்கு நடுவே வரும் க, த, ப நம் வாயில் தானாக மெலியும். "அமிக்கோ" என்பதற்கும் "அமிகோ" என்பதற்கும் நடுவே, மெலியாத ஒற்றைக் க அங்கே வேண்டும். மூன்றாவது, ஜெர்மன் வரும்போது மேலே இரு புள்ளி வைத்த உ (ü): நாக்கை "ஈ"க்கு வைத்து, உதட்டை "ஊ"வுக்குக் குவித்தால் கிடைக்கும். பாட்டைத் தொடும் முன் வரிகளைத் தாளத்தோடு பேசிப் பழகட்டும், ஒரு பாட்டுக்கு மூன்று நாள். நான்காம் நாள் உயிரெழுத்துகளை மட்டும் ராகத்தில் பாடி, ஐந்தாம் நாள் மெய்களைச் சேர்க்கட்டும்.