க்ரூசரா, ஸ்போர்ட் டூரரா? வால் எலும்பு வலியும் விரல் மரப்பும் வண்டி மாற்றினால் தீருமா?

கேள்வி

வணக்கம். அடுத்த வண்டிக்கு இரண்டைப் பார்த்து வைத்திருக்கிறேன்: கவாசாகி வல்கன் எஸ் (க்ரூசர்: சீட் தாழ்வு, நிமிர்ந்து உட்கார்ந்து கால் முன்னால் நீட்டும் வண்டி), இல்லையென்றால் நின்ஜா 1000எஸ்எக்ஸ் (ஸ்போர்ட் டூரர்: லேசாக முன்னால் சாய்ந்து, வேகமாக நெடுந்தூரம் ஓட்டும் வண்டி). இரண்டும் வேறு வேறு ஜாதி வண்டி என்று தெரியும். அதனால்தான் குழப்பம்.

உயரம் 165 செ.மீ., கவட்டிலிருந்து தரை வரை 74 செ.மீ., எடை 78 கிலோ. மாதம் இரண்டு முறை ஒரே நாளில் 400–450 கி.மீ. ஓட்டுவேன். பாதிப் பயணங்களில் மனைவி பின்சீட்டில். பெரும்பகுதி நெடுஞ்சாலை, 90–110 கி.மீ. வேகம். மீதி மலை வளைவும் குண்டும் குழியுமான ரோடும்.

இப்போது இருப்பது கால் முன்னால் நீளும் சின்ன க்ரூசர், பின்னால் இரட்டை ஷாக். 150 கி.மீ. தாண்டினால் வால் எலும்பில் வலி. வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன. வல்கனில் 20 நிமிடம் உட்கார்ந்து ஓட்டியதில் சொகுசாக இருந்தது. நின்ஜாவில் குதிகால் தரையில் படவில்லை, உள்ளங்கையில் பாரம் தெரிந்தது. பெரிய க்ரூசர் எடுத்தால் வலி போய்விடுமா?

பதில் 1

போகாது சார். வலி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

கால் முன்னால் நீண்டிருக்கும்போது காலால் உடம்பைத் தாங்க முடியாது. மேல் உடம்பின் பாரம் முழுக்க இடுப்பு எலும்பு வழியாக சீட்டில் இறங்குகிறது. முதுகும் லேசாக வளைந்து, இடுப்பு பின்பக்கம் சுருண்டு, வால் எலும்பு நேராக சீட்டில் பதிகிறது. ஒரு குழி வந்தால் ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நிற்கவும் வழியில்லை. குழியின் அடி அப்படியே முதுகுத்தண்டில் ஏறும். கால் உடம்புக்கு நேர் கீழே இருக்கும் வண்டியில், தொடையில் கொஞ்சம் அழுத்தினாலே பிட்டம் ஒரு அங்குலம் தூக்கும். அந்த ஒரு அங்குலம்தான் 400 கி.மீ. ஓட்டுபவரைக் காப்பாற்றுவது.

அடுத்தது காற்று. காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 80-லிருந்து 110-க்குப் போனால் வேகம் 1.4 மடங்குகூட ஆகவில்லை, தள்ளுவிசை 1.9 மடங்கு ஆகிவிடும். நிமிர்ந்து, கால் முன்னால் நீட்டி உட்கார்ந்தால் நெஞ்சு பாய்மரம் மாதிரி. பின்னால் சாயாமல் இருக்க ஹேண்டிலை இழுத்துப் பிடிப்பீர்கள், தோளும் முன்கையும் ஓயாமல் வேலை செய்யும். நின்ஜாவில் உள்ளங்கையில் தெரிந்த பாரம் ஊர்வேகத்தில்தான் அவ்வளவு. 100-ஐத் தொட்டதும் காற்று நெஞ்சைத் தாங்க ஆரம்பிக்கும், மணிக்கட்டுப் பாரம் குறைந்துவிடும். 20 நிமிட ஊர் ஓட்டத்தில் க்ரூசர் ஜெயிக்கவும் டூரர் தோற்கவும் காரணம் இதுதான்.

விரல் மரப்பு தனிக் கணக்கு. சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால் உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிமேட்டில் நரம்பு அழுந்துகிறது. கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மரத்தால் மணிக்கட்டு மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். உங்களுக்கு முதல் வகை. பிரேக் லிவரை, முன்கையிலிருந்து விரல் வரை ஒரே நேர்கோடாக வரும்படி திருப்பி வையுங்கள். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் போதும். இன்றைக்கே செய்யக்கூடிய வேலை. வண்டி ஓடாத நேரத்திலும் மரப்பு நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பதில் 2

மேலே சொன்னதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. எல்லா க்ரூசரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.

வல்கன் எஸ்ஸில் ஃபுட்பெக்கை (கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட்) மூன்று இடங்களில் மாட்டலாம். நடு நிலையிலிருந்து முன்னால் 25 மி.மீ., பின்னால் 25 மி.மீ. சீட்டும் ஹேண்டிலும்கூட உடம்புக்கேற்ப மாற்றித் தருகிறார்கள். 165 செ.மீ. உயரத்துக்கு பின் துளையில் பெக், உங்கள் பக்கம் நெருங்கிய ஹேண்டில், இரண்டையும் வைத்து ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். டெஸ்ட் வண்டியில் அது எந்த நிலையில் இருந்தது என்று கேளுங்கள். சீட் உயரம் 705 மி.மீ., இரண்டு காலும் முழுசாகத் தரையில் படும். பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு சரிவில் வண்டியைத் திருப்பும்போது அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று ஓட்டுபவருக்குத் தெரியும்.

எஞ்சினைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. க்ரூசர் என்றாலே அடி ஆர்பிஎம்மில் இழுக்கும் வி-ட்வின் (இரண்டு சிலிண்டரும் V வடிவில் இருப்பது) என்று நினைக்கிறோம். வல்கன் எஸ்ஸில் இருப்பது நின்ஜா 650, வெர்சிஸ் 650-ல் இருக்கும் அதே 649 சிசி பேரலல் ட்வின் (இரண்டு சிலிண்டரும் பக்கம் பக்கமாக இருப்பது) குடும்பம். டியூனிங் மட்டும் வேறு. முழு சக்தி 7,500 ஆர்பிஎம்மில்தான் வரும். பெல்ட் டிரைவும் இல்லை, செயின்தான். எண்ணெய் போடும் வேலை அதிலும் உண்டு. ராயல் என்ஃபீல்டு சூப்பர் மீட்டியார் 650-யும் அப்படித்தான், இன்டர்செப்டரின் 648 சிசி எஞ்சின், செயின் டிரைவ்.

பதில் 3

பதில் 2 சொன்னது சரி, ஆனா மலை வளைவை விட்டுட்டாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க.

50 மீட்டர் ஆரம் உள்ள வளைவு. வண்டி 30 டிகிரி சாய்ஞ்சா அதிகபட்சம் சுமார் 60 கி.மீ. வேகத்துல திரும்பலாம். 40 டிகிரி சாய்ஞ்சா 73. பெரும்பாலான க்ரூசர்ல 30-ஐ ஒட்டியே ஃபுட்பெக் தரையில உரசிடும். ஸ்போர்ட் டூரர்ல 40-ஐத் தாண்டியும் இடம் மிச்சம் இருக்கும். யாரும் ரோட்டுல 73-ல திரும்பணும்னு சொல்லலை. வளைவு நினைச்சதைவிட இறுக்கமா இருந்தா இன்னும் கொஞ்சம் சாய்க்க இடம் வேணும், அதுக்குத்தான் அந்த மிச்சம். பெக் நுனியில இருக்கிற உரசு முனை முதல்ல தொட்டு எச்சரிக்கும். அதையும் மீறினா சைலன்சரோ ஃபிரேமோ தரையை முட்டி, பின் டயரைத் தூக்கிடும். பின்னால ஆள் உட்கார்ந்து ஷாக் அமுங்கியிருந்தா இந்த 30-ம் இன்னும் குறையும்.

அதனால எந்த வண்டி எடுத்தாலும் முதல்ல இப்போ இருக்கிற வண்டியில சாக் (sag, நீங்க உட்கார்ந்ததும் பின் ஷாக் எவ்வளவு அமுங்குதுங்கிற அளவு) அளந்து பாருங்க. அரை மணி நேர வேலை. உதவிக்கு இரண்டு பேர், ஒரு டேப், ஒரு மார்க்கர் போதும்.

பின் ஆக்சிலுக்கு நேர் மேலே, பின் மட்கார்டுலயோ சீட் பக்கத்துலயோ ஒரு புள்ளி வையுங்க. வண்டியைத் தூக்கி, பின் சக்கரம் தொங்குற மாதிரி வச்சு ஆக்சிலிலிருந்து அந்தப் புள்ளி வரை அளங்க. அது முதல் அளவு. அப்புறம் வண்டியைத் தரையில நிறுத்தி, ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு உட்காருங்க. ஒருத்தர் முன்னால ஹேண்டிலைப் பிடிக்கட்டும், நீங்க இரண்டு காலையும் பெக்கில வையுங்க. சீட்டுல இரண்டு தடவை அமுக்கி விட்டு, நின்னதும் அடுத்தவர் அளக்கட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சாக். பின் சக்கரத்தோட மொத்த ஓட்டத்துல (மேலும் கீழும் நகருற தூரம்) 30 சதவீதத்தை ஒட்டி இருந்தா நல்லது. 100 மி.மீ. ஓட்டம் இருந்தா 30-லிருந்து 35. அதுக்கு மேல போனா ப்ரீலோடு வளையத்தை (ஷாக் ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கிறது) ஒவ்வொரு படியா ஏத்துங்க, இரண்டு ஷாக்லயும் ஒரே படி. மறுபடி அளங்க.

சாக் 45-க்கு மேல இருந்தா குழியில ஷாக் கடைசி வரை அமுங்கி ரப்பர் ஸ்டாப்பரை அடிக்குது. அந்த அடிதான் வால் எலும்புக்குப் போகுது. பல பேர் சீட்டை மாத்துறாங்க, தப்பு சீட்டுல இல்லை.

பதில் 4

பின்சீட்டில் மனைவி வருகிறார் என்றால் தாங்கும் பாரத்தை முதலில் பாருங்கள். கையேட்டில் அனுமதித்த மொத்த எடை இருக்கும். அதிலிருந்து பெட்ரோல் நிரப்பிய வண்டி எடையைக் கழியுங்கள். உதாரணத்துக்கு 420-ல் 240 போனால் 180 கிலோ. கவச உடையோடு நீங்கள் 85, அவர் 62. மிச்சம் 33. பக்கப் பெட்டியும் அதன் ஸ்டாண்டும் மட்டுமே 10–12 கிலோ வரும். ஆக துணிமணிக்கு 21–23 கிலோ. க்ரூசர்களில் இந்தக் கணக்கு பல சமயம் இன்னும் இறுக்கமாக முடிகிறது.

அவர் உட்காரும் இடத்தையும் அவரையே சோதிக்கச் சொல்லுங்கள். க்ரூசரின் பின்சீட் பெரும்பாலும் சின்னது, பின் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கும். சூப்பர் மீட்டியாரில் பின் ஷாக் ஓட்டம் 101 மி.மீ. ஸ்போர்ட் டூரர்களில் 120-க்கு மேல் சாதாரணம், நின்ஜா 1000எஸ்எக்ஸில் 144. ஆனால் டூரரின் பின்சீட் உயரம், முழங்கால் அதிகம் மடங்கும். முழங்கால் பிரச்சினை உள்ளவருக்கு அது ஆகாது. இதில் ஓட்டுபவர் தீர்ப்பு சொல்லக் கூடாது.

நின்ஜாவில் ப்ரீலோடை மாற்ற ஸ்பேனர் வேண்டாம், பக்கத்தில் திருகு குமிழ் உண்டு. ஆள் ஏறும்போது கூட்டி, இறங்கியதும் குறைக்கலாம். தனியாகவும் ஜோடியாகவும் மாறி மாறி ஓட்டுபவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பதில் 5

உயரம் பற்றி இரண்டு வார்த்தை. நின்ஜா 1000எஸ்எக்ஸின் சீட் 835 மி.மீ., எடை 235 கிலோ. உங்கள் 74 செ.மீ. காலுக்கு இரண்டு முன்பாதம் படும், குதிகால் படாது. சீட்டின் முன்பகுதி எவ்வளவு அகலம் என்பதும் இதைத் தீர்மானிக்கும், வெறும் உயர எண்ணை நம்ப வேண்டாம். நிற்கும்போது பிட்டத்தை இடப்பக்கம் நகர்த்தி, இடது கால் முழுசாக ஊன்றி, வலது காலால் பின் பிரேக்கைப் பிடிக்கப் பழகினால் நேர் ரோட்டில் சமாளிக்கலாம். வலப்பக்கம் சரிந்த ரோட்டில்தான் வண்டி சாயும். நிறுத்துவதற்கு முன்பே இடம் பார்த்து நிறுத்துங்கள்.

லோயரிங் லிங்க் (வண்டியின் பின்பக்கத்தைத் தாழ்த்தும் இணைப்புத் தகடு) போடலாம் என்று யாராவது சொல்வார்கள். பின்பக்கம் மட்டும் இறக்கினால் முன் ஃபோர்க்கின் சாய்வு கூடி, வண்டி வளைவில் மந்தமாகும். 25 மி.மீ. இறக்கினால் ஃபோர்க்கையும் கிளாம்பில் மேலே தள்ளிச் சமன் செய்ய வேண்டும். சைட் ஸ்டாண்டு நீளமாகிப்போய் வண்டி நிமிர்ந்தே நிற்கும், லேசாகத் தொட்டால் மறுபக்கம் விழும். ஸ்டாண்டையும் குறைக்க வேண்டும். அதைவிட முதலில் தாழ்ந்த சீட் போட்டுப் பாருங்கள். சஸ்பென்ஷனில் கை வைக்க வேண்டியதில்லை.

கேள்வி கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. லிவரைத் திருப்பி வைத்தேன், 180 கி.மீ. ஓட்டியதில் சுண்டு விரல் மரக்கவே இல்லை. சாக் அளந்தேன்: ஓட்டம் 100 மி.மீ., சாக் 47. இரண்டு படி ஏற்றியதும் 36. குழியில் 'டக்' என்ற அடி நின்றது. வால் எலும்பு வலி 150-க்குப் பதில் 230 கி.மீ.க்கு மேல்தான் வருகிறது, ஆனால் வருகிறது. வல்கன் டெஸ்ட் வண்டியில் பெக் நடுத் துளையில் இருந்ததாம். இரண்டையும் மறுபடி ஓட்டப் போகிறேன். எதைப் பார்க்க வேண்டும்?

பதில் 1

ஷாக் சரியான பிறகும் வலி மிச்சம் இருக்கிறது, ஆக அது உட்காரும் விதத்தின் பங்கு. இந்த முறை 20 நிமிடம் போதாது. வல்கனில் பெக்கைப் பின் துளைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், கியர் லிவரும் பிரேக் பெடலும் சேர்ந்து நகர வேண்டும். இரண்டு வண்டியிலும் குறைந்தது ஒரு மணி நேரம், அதில் பாதி 100 வேகத்தில். 40-வது நிமிடத்தில் உங்களை அறியாமல் சீட்டில் நகர்ந்து உட்காருகிறீர்களா என்று கவனியுங்கள். உடம்பு கொடுக்கும் முதல் புகார் அது.

100-ல் ஹெல்மெட் ஆடினால், சில விநாடி லேசாக எழுந்து, முன்னால் இருக்கும் காற்றுத்தடுப்புக் கண்ணாடியைத் தாண்டி வரும் நேர்க்காற்றுக்குள் தலையைக் கொண்டுபோங்கள். அங்கே ஆட்டம் நின்றால் குற்றம் அந்தக் கண்ணாடியின் உயரத்தில்தான். நின்ஜாவில் அதை நான்கு நிலைகளில் சாய்க்கலாம், எல்லாவற்றையும் பாருங்கள்.

கடைசியாக, மனைவியை ஏற்றிக்கொண்டு இரண்டு வண்டியிலும் ஒரு யூ-டர்ன் போட்டு, லேசான ஏற்றத்தில் நிறுத்திக் கிளம்புங்கள். அந்த இடத்தில் நின்ஜாவில் கால் தடுமாறினால், தாழ்ந்த சீட்டோடு மறுபடி ஒருமுறை அதே ஏற்றம். அப்போதும் தடுமாறினால் வல்கனை எடுங்கள், 100 கி.மீ.க்கு ஒருமுறை இறங்கி நடங்கள். தடுமாறவில்லை என்றால் உங்கள் ரோட்டுக்கும் வேகத்துக்கும் நான் நின்ஜாவைத்தான் சொல்வேன்.