கதவு பாதியில் நிற்கும் ஃபிரிட்ஜ்: வாங்கிய பின் தெரிந்தவை

நீலவானம்:
ஃபிரிட்ஜ் வந்து எட்டு மாதமாகியும் அந்த முதல் நாள் மனத்தை உறுத்துகிறது. அகலம், உயரம், ஆழம் மூன்றையும் நாடா பிடித்து அளந்து, பின்புறம் காற்றோட்டத்துக்கு இடமும் விட்டு, சமையலறை மூலைக்குப் பொருந்தும் டபுள் டோர் பெட்டியைத்தான் எடுத்தோம். இறக்கிவைத்தவர்கள் போனதும் காய்கறித் தட்டை இழுத்தேன். பாதி தூரம் வந்து, கதவின் உள்ளடுக்கில் இடித்து நின்றுவிட்டது. கீல் சுவர்ப் பக்கம் இருந்ததால், கைப்பிடி சுவரில் முட்டி, கதவு 90 டிகிரிக்கு மேல் ஒரு விரற்கடைகூடத் திறக்கவில்லை. கைப்பிடி பட்ட இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து, பிறை வடிவில் ஒரு தடம் விழுந்திருக்கிறது. தட்டைக் கழுவ வேண்டுமென்றால் இன்றும் ஃபிரிட்ஜையே முன்னால் நகர்த்துகிறோம்.

ஓடைக்கரை:
கீலை மறுபக்கம் மாற்ற முடியுமா என்று கையேட்டில் பாருங்கள். பல மாடல்களில் முடியும். எங்கள் வருத்தம் வேறு. உள்ளே ஒட்டியிருக்கும் விவரத் தகட்டில் 'N' என்று இருந்ததை நாங்கள் கவனிக்கவே இல்லை. சுற்றுப்புற வெப்பம் 16 முதல் 32 டிகிரி வரை இருக்கும் இடத்துக்கான வகை அது. 'T' என்றால் 43 டிகிரி வரை தாங்கும். எங்கள் சமையலறையோ கோடையில் 38-ஐத் தாண்டும். ஒரு நள்ளிரவில் தண்ணீர் குடிக்கப் போனவள், கம்ப்ரஸர் நிற்கட்டும் என்று இருட்டில் அரைமணி நேரம் காத்திருந்தேன். அது நிற்கவே இல்லை. காலையில் பால் திரிந்திருந்தது.

வெண்மேகம்:
ஓடைக்கரை சொல்வதை நான் முழுவதுமாக ஏற்கமாட்டேன். கம்ப்ரஸர் ஓயாமல் ஓடுவதை மட்டும் வைத்துக் குறை சொல்லக் கூடாது. இன்வெர்ட்டர் வகை கம்ப்ரஸர், வேகத்தைக் குறைத்துக்கொண்டு நெடுநேரம் ஓடும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. பால் திரிந்ததற்குக் கதவடுக்கில் வைத்தது காரணமாக இருக்கலாம். கதவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் சூடாவது அந்த இடம். நடு அடுக்கில் ஒரு தம்ளர் தண்ணீருக்குள் வெப்பமானியை இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள்; 4 டிகிரிக்கு மேல் காட்டினால்தான் கவலை. ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுக்கும்போது அது தடையின்றி வந்துவிட்டால், ரப்பரில் கோளாறு என்று பொருள்.

என் அனுபவம் சிறியது: ஐஸ் சுரண்டும் வேலை இல்லை என்பதற்காகவே ஃப்ராஸ்ட் ஃப்ரீ வாங்கினேன், மூடாமல் வைத்த கீரை மறுநாளே சுருண்டு கிடந்தது. உள்ளே விசிறி சுற்றவிடும் காற்று ஈரத்தை இழுத்துவிடுகிறது. விசிறி இல்லாத டைரக்ட் கூல் பெட்டியில் அந்த அளவுக்கு உலராது, ஆனால் ஃபிரீசரில் படியும் பனியை அவ்வப்போது நாமே உருக்க வேண்டும். எதை வாங்கினாலும் மொத்த லிட்டரைப் பார்க்காமல், பயன்படும் கொள்ளளவு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். வீட்டில் இருக்கும் மிகப் பெரிய பாத்திரத்தைக் கடைக்கே எடுத்துச் சென்று அடுக்கில் வைத்துப் பார்ப்பது அதைவிட நல்லது. அடுத்த முறை நான் அப்படித்தான் செய்யப்போகிறேன்.