டிடி250: சூடானதும் ஐடில் இறங்க மறுக்கிறது. ஜெட்டா, காற்றுக் கசிவா?

மண்பாதை:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1974 மாடல் யமஹா டிடி250. 246 சிசி, ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் இதழ்கள்) வைத்த ஒற்றை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். பல வருஷம் ஓடாமல் மூடிக் கிடந்த வண்டி. சிலிண்டரை போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் மாற்றியாகிவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து பழைய சைஸிலேயே புது ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகு), புது நீடில் போட்டேன். முன்பு வைத்திருந்தவர் ஆட்டோலூப் பம்பை (ஆயிலைத் தனியாக இன்ஜினுக்கு அனுப்பும் பம்ப்) எடுத்துவிட்டிருந்தார். அதனால் 2டி ஆயிலை 32க்கு 1 கணக்கில் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுகிறேன். பழைய சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது, அதற்குப் பதில் எக்ஸ்பான்ஷன் சேம்பர் (நடுவில் பருத்த டூ ஸ்ட்ரோக் புகைக்குழாய்). ஏர் பாக்ஸும் இல்லை, கார்புரேட்டர் வாயிலேயே ஃபோம் ஃபில்டர்.

குளிர்ந்த நிலையில் முதல் கிக்கிலேயே பிடித்துக்கொள்கிறது, ஐடிலும் ஒழுங்கு. ஓட்டிச் சூடேறிய பிறகுதான் தொல்லை. ஆக்ஸிலேட்டரை முழுக்க விட்டாலும் ரேஸ் இறங்குவதில்லை. கொஞ்ச நேரம் அப்படியே கத்திக்கொண்டு நின்று, பிறகுதான் மெதுவாகக் கீழே வருகிறது. ஒரு தடவை தானாகவே மேலே ஏற ஆரம்பித்தது, சாவியை அணைத்து நிறுத்தினேன். கேபிளில் பிடிப்பு இல்லை, கார்புரேட்டர் ஸ்லைடு தடையின்றிக் கீழே விழுகிறது. பிளக்கின் பீங்கான் வெள்ளையாக வெளுத்திருக்கிறது. புகை வழக்கமான அளவுதான். எங்கே தேடுவது?

ஜெட்காரர்:
சேம்பரும் ஓப்பன் ஃபில்டரும் போட்டுவிட்டு மெயின் ஜெட்டைப் பழைய சைஸிலேயே வைத்து ஓட்டினால் பிளக் வெளுக்கத்தான் செய்யும். காற்று அதிகம் போகிறது, பெட்ரோல் அதே அளவுதான். மெயின் ஜெட்டை இரண்டு சைஸ் ஏற்றிப் பாருங்கள். இன்னொரு விஷயம், ஆயிலைக் கலந்து ஊற்றும்போது ஜெட் வழியாகப் போவதில் ஒரு பங்கு ஆயில். பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆட்டோலூப் இருந்த காலத்து ஜெட் அளவு அப்படியே பொருந்தாது.

கிராங்க்சத்தம்:
கூடவே ஒரு படி குளிர்ந்த பிளக்கும் போடலாமே? என்ஜிகேயில் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக்.

பழையஇரும்பு:
மண்பாதை தம்பி, வண்டியை இனி ஓட்டாதீர்கள். புது பிஸ்டன் போட்ட இன்ஜின், இந்த நிலையில் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். ஜெட்டை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம்.

ஜெட்காரர் சொன்னதில் தவறு இல்லை. சேம்பருக்கு மெயின் ஜெட் ஏற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் மெயின் ஜெட் வேலை செய்வது ஆக்ஸிலேட்டர் முக்கால் பாகம் திறந்ததற்கு மேல். நீங்கள் சொல்லும் கோளாறு ஆக்ஸிலேட்டர் மூடியிருக்கும்போது வருகிறது. அங்கே ஐடில் கலவையைக் கவனிக்கும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்குரூவும்தான் பேசும். பைலட் சரியாக இல்லையென்றால் குளிர்ந்தபோதும் ஐடில் ஒழுங்காக நிற்காது. குளிரில் நன்றாக இருந்து சூட்டில் ரேஸ் தொங்குகிறது, அதிலும் தானாக ஏறுகிறது என்றால், கார்புரேட்டரைத் தாண்டி எங்கிருந்தோ காற்று உள்ளே போகிறது. குளிர்ந்த பிளக் போட்டால் பிளக்கின் முனைதான் குளிரும், கலவையில் பெட்ரோல் கூடாது.

டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க்கேஸும் மூச்சு விடும் அறை. பிஸ்டன் மேலே போகும்போது உறிஞ்சுகிறது, கீழே வரும்போது அழுத்தித் தள்ளுகிறது. அந்த அறையின் இரண்டு பக்கச் சுவர்தான் கிராங்க் ஆயில் சீல்கள். பல வருஷம் சும்மா கிடந்த வண்டியில் சீலின் உதடு காய்ந்து விறைத்துப் போயிருக்கும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும். புகை மண்டும், கியர் ஆயில் அளவு குறையும். உங்களுக்குப் புகை வழக்கம்போல என்கிறீர்கள். அப்படியானால் என் சந்தேகம் மேக்னெட் (கரண்ட் தரும் காந்தச் சக்கரம்) பக்கம். அங்கே ஆயில் கிடையாது, வெறும் காற்றுதான் உள்ளே போகும்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கார்புரேட்டரைக் கழற்றுங்கள். சேம்பரையும் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயில் ரப்பர் ஷீட் வைத்து அதன்மேல் தகடு போட்டு இறுக்குங்கள். பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். பிஸ்டனை அடிமட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், எல்லா வாயும் திறந்திருக்கும். கார்புரேட்டர் உட்காரும் ரப்பர் பூட்டில் நடுவில் குழாய் வைத்த அடைப்பான் ஒன்றை மாட்டிக் கிளிப் போடுங்கள். அந்தக் குழாயில் கைப் பம்பும் சின்ன கேஜும். பலர் பிளக் ஓட்டை வழியாக அடிப்பார்கள். ரீட் வால்வு இன்ஜினில் அது பாதிச் சோதனைதான். உள்ளிருந்து வரும் அழுத்தம் ரீட் இதழ்களை மூடிவிடும், அதற்கு வெளியே இருக்கும் பூட்டும் கேஸ்கட்டும் சோதனைக்குள் வராமலே போகும். இன்டேக் பக்கமிருந்து அடித்தால் இதழ் திறந்து எல்லா இடத்துக்கும் காற்று போகும்.

6 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். 10க்கு மேல் போகாதீர்கள், நல்ல சீலையே பிதுக்கித் தள்ளிவிடும். 6 நிமிடம் முள் அசையாமல் நின்றால் இன்ஜின் சரி. இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தூரிகையில் தொட்டு எல்லா மூட்டிலும் தடவுங்கள்: ஹெட், சிலிண்டர் அடிப்பக்கம், ரீட் பிளாக், கிராங்க்கேஸ் இணைப்பு. மேக்னெட்டைக் கழற்றி உள்ளே சீலைச் சுற்றியும் தடவ வேண்டும். மேக்னெட்டுக்கு அதற்குரிய புல்லர்தான். சுத்தியலால் தட்டி எடுக்கவே கூடாது, கிராங்க் நேர்க்கோட்டை விட்டு விலகும்.

முக்கியமாக ஒன்று கேட்க வேண்டும். ஆட்டோலூப் பம்பை எடுத்தவர், அதன் ஆயில் குழாய் இன்டேக்கில் சேரும் அந்தச் சின்ன மூக்கை எதனால் அடைத்திருக்கிறார்?

அப்புறம், ரேஸ் மறுபடி தானாக ஏறினால் சாவியை மட்டும் நம்ப வேண்டாம். அதீதச் சூட்டில் பிளக் இல்லாமலே எரிந்துகொண்டிருக்கும். சோக்கை இழுத்துவிடுங்கள், அல்லது பிரேக்கை அழுத்திப் பிடித்து கியரில் போட்டு கிளட்சை விடுங்கள்.

மண்பாதை:
நன்றி அண்ணே, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு. வண்டியை நிறுத்திவிட்டேன். மூக்கில் ஒரு கறுப்பு ரப்பர் மூடி மாட்டியிருக்கிறது. பார்வைக்கு நன்றாகத்தான் தெரிகிறது. இன்ஜினைத் திறந்தபோதும் மூடிய மாதிரியே இருந்ததால் அதை யாரும் கவனிக்கவில்லை. அடைப்பான் செய்து அடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

கிராங்க்சத்தம்:
அந்த மூடியை விரலால் மடக்கிப் பாருங்கள். வெற்றிடக் குழாய்க்கான மூடிகள் பெட்ரோலையும் ஆயிலையும் தாங்குவதில்லை, அடிப்பக்கம் வெடித்திருக்கும்.

மண்பாதை:
பார்த்துவிட்டேன். முள் 6ல் நிற்கவே இல்லை, பம்பிலிருந்து கை எடுக்கும்போதே விழுந்தது. சோப்புத் தண்ணீர் தடவியதும் மூக்கின் மூடியைச் சுற்றிப் பெரிய பெரிய குமிழிகள். மடக்கினால் உள்பக்கம் மயிரிழை மாதிரி விரிசல் வட்டமாகவே ஓடியிருக்கிறது. மூடியை எறிந்துவிட்டு மூக்கைக் கழற்றி, அந்த மரையில் வாஷரோடு போல்ட் போட்டு அடைத்தேன். மறுபடி அடித்தால் முள் மெதுவாக இறங்குகிறது. புல்லர் வைத்து மேக்னெட்டைக் கழற்றிப் பார்த்தேன். சீலின் உதட்டுக்கு ஒரு பக்கம் மட்டும் நுண்ணிய நுரை. கிராங்கைச் சுற்றினால் நுரை வரும் இடம் மாறவில்லை.

பழையஇரும்பு:
நல்ல வேலை தம்பி! இடம் மாறவில்லை என்றால் சீலில்தான் கோளாறு, கிராங்க் தண்டில் கீறல் இல்லை. அதுவே பெரிய நிம்மதி.

அந்தச் சீலுக்காக இன்ஜினைப் பிளக்க வேண்டாம், வெளியிலிருந்தே எடுத்துவிடலாம். ஸ்டேட்டர் பிளேட்டைக் கழற்றும் முன் அதற்கும் கேஸுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள், டைமிங் மாறாது. சீலின் முகத்தில் சின்ன ஓட்டை போட்டு ஒரு ஸ்குரூவை ஏற்றி, ஸ்குரூவைப் பிளையரால் இழுத்தால் சீல் வந்துவிடும். டிரில் முனையில் கிரீஸ் தடவினால் துகள் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். பின்னால் பேரிங் இருக்கிறது, ஆழமாக இறக்காதீர்கள். தண்டில் டிரில் படவே கூடாது. புதுச் சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் கிராங்க்கேஸை நோக்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவி, சீலின் வெளிவிட்டத்துக்குப் பொருந்தும் சாக்கெட் வைத்து நேராகத் தட்டி உட்கார வையுங்கள்.

கிளட்ச் பக்கச் சீலும் அதே வயதுதான். என்னைக் கேட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்றுவேன்.

மண்பாதை:
இரண்டு சீலும் மாற்றிவிட்டேன். 6 பிஎஸ்ஐயில் முள் அசையவே இல்லை. நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு ஆக்ஸிலேட்டரை விட்டேன், ரேஸ் சட்டென்று இறங்கி ஐடிலில் நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்க எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லி முடியாது. முழு ஆக்ஸிலேட்டரில் பிளக் இன்னும் கொஞ்சம் வெளுப்பாகவே இருக்கிறது. இனி ஜெட்டுக்கு வரலாமா?

ஜெட்காரர்:
இப்போது வரலாம். பழையஇரும்பு அண்ணன் சொன்ன வரிசைதான் சரி, கசிவு இருக்கும்போது ஜெட் ஏற்றியிருந்தால் கோளாறு மறைந்திருக்கும், போயிருக்காது.

டிடி250க்கு முன்னோடியான டிடி-1 வந்த காலத்திலேயே யமஹா ஜிஒய்டி என்ற பெயரில் டியூனிங் கிட் விற்றது. சேம்பரோடு சிலிண்டர், ஹெட், பிஸ்டன், கார்புரேட்டர் எல்லாம் சேர்ந்தே வந்தது. சேம்பரை மட்டும் மாற்றினால் மீதி வேலையை ஜெட்டில்தான் செய்ய வேண்டியிருக்கும்.

மெயின் ஜெட்டை வேண்டுமென்றே பெரிதாகப் போட்டு ஆரம்பியுங்கள். முழு ஆக்ஸிலேட்டரில் இன்ஜின் கரகரத்து விக்கும். அங்கிருந்து ஒவ்வொரு சைஸாக இறக்கி, விக்கல் போன இடத்தில் நிறுத்துங்கள். சின்ன ஜெட்டிலிருந்து மேலே ஏறினால் பிஸ்டன் போகும். ஆக்ஸிலேட்டர் பிடியில் டேப் ஒட்டிக் கால், அரை, முக்கால் குறித்துக்கொண்டால் எந்த இடத்தில் கோளாறு என்று தெரியும். கால் முதல் முக்கால் வரை நீடில் கிளிப்தான், கிளிப்பைக் கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். மிக்குனி கார்புரேட்டரில் ஏர் ஸ்குரூவை வெளியே திருப்பினால் காற்று கூடும், அதையும் மாற்றிப் புரிந்துகொள்ளாதீர்கள். பிளக்கைப் பார்க்க வேண்டுமானால், முழு ஆக்ஸிலேட்டரில் ஓடும்போதே கிளட்ச் பிடித்து இன்ஜினை அணைத்து, வண்டி நின்றதும் கழற்றிப் பாருங்கள். ஐடிலில் விட்டபிறகு கழற்றினால் அது ஐடிலின் நிறத்தைத்தான் காட்டும்.